ஆபீசு சாமி கண் திறந்த கதை

கட்டை ஆபீசின் முன் வளைவில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சசிகலா இரண்டு தடவை வாசித்தாள். முதல் தடவை மனசுக்குள். இரண்டாவது தடவை, தலையில் புளி மூட்டையோடு நின்றிருந்த அப்பா கோபால்சாமிக்குக் கேட்கும்படி சத்தமாக.

"இந்தப் பாரம்பரியக் கட்டடமும் அதன் முன் களமும் சீரமைப்புக்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வரும் முதல் தேதிக்குப் பிறகு களத்திலோ தாழ்வாரத்திலோ பொருள் வைத்து விற்க யாருக்கும் அனுமதி இல்லை."

"யாருக்கும்னா?" என்றார் கோபால்சாமி.

"நமக்குத்தான் நைனா. வேற யாரு இங்க விக்கிறாங்க?"

கோபால்சாமி கிழக்குத் தாழ்வாரத்தின் வெளிவிளிம்பில் ஓடிய கல் திட்டை ஒட்டி நின்று கழுத்தை லேசாகச் சாய்த்தார். மூட்டை வழுக்கித் தானாகத் திட்டின் மேல் உட்கார்ந்தது. யாரும் கை கொடுக்கவில்லை, தேவையும் இல்லை. தலைச்சுமையோடு வருகிற ஆள் குனியாமல், அடுத்தவரைக் கூப்பிடாமல் இறக்கி வைக்கிற உயரம் அந்தத் திட்டுக்கு.

ஜவ்வாது மலைப்பாதை இறங்கிச் செங்கம் சாலையைத் தொடுகிற இடத்தில், கோணப்பாறை என்ற சிற்றூரின் ஓரத்தில் நிற்கிறது அந்தக் கட்டடம். ஒரு காலத்தில் இங்கே ரயில் வந்தது. ஜனங்கள் ஏறுகிற ரயில் இல்லை, மரம் ஏற்றுகிற ரயில். மலையில் வெட்டிய மரத்தை, தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கட்டைகளாக அறுத்து, முத்திரை குத்தி அனுப்புவதற்கு ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி கட்டிய ஆபீசு. அதனால்தான் கட்டை ஆபீசு. மரம் தீர்ந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பிறகு அது உர கோடவுனாக இருந்தது, ரேஷன் கிடங்காக இருந்தது, கடைசிப் பதினைந்து வருஷம் வெறும் பூட்டாக இருந்தது. சாவி எத்தனை கை மாறினாலும் கிழக்குத் தாழ்வாரமும் முன் களமும் மலைக்காரர்களிடம்தான் இருந்தன. செவ்வாயும் சனியும் சசிகலாவின் மலையூரான ஊத்துக்கொல்லையிலிருந்தும் அக்கம்பக்கத்து ஆறு ஊர்களிலிருந்தும் புளியும் சாமையும் தேனும் கடுக்காயும் இறங்கும். பாதி தூரம் நடை, பாதி தூரம் ஷேர் ஜீப். வியாபாரிகள் இங்கே வந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

இப்போது ஒரு பாரம்பரியக் குழு கட்டடத்தை முப்பது வருஷக் குத்தகைக்கு எடுத்திருந்தது. குழுவின் செயலாளர் அருள்மணி அன்றைக்கே காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, எல்லாரையும் பார்த்து ஒரே மாதிரிச் சிரிப்பு.

சசிகலா நேராக அவர் முன்னால் போய் நின்றாள். திருவண்ணாமலையில் பி.ஏ. படித்தவள். ஏழு ஊர்ப் பெண்களைச் சேர்த்து, புளியை இடைத்தரகன் இல்லாமல் விற்க வைத்தவள். இருபத்தேழு வயது. பேச்சில் பயம் கிடையாது.

"சார், நாங்க எங்க போறது?"

"சந்தைக்குப் போங்கம்மா. செங்கத்துல எவ்ளோ பெரிய சந்தை இருக்குது!"

"செங்கத்துல எங்க மூட்டைய எறக்கறதுக்குள்ள வெலைய எறக்கிடுவாங்க சார். இந்த எடம் எங்களுக்கு எழுதிக் குடுத்தது."

"யார் எழுதிக் குடுத்தா?"

"இத்த கட்டின தொரை. எங்க ஆளுங்க மரம் எறக்க மாட்டோம்னு மூணு மாசம் மலையிலேயே உக்காந்துட்டாங்க. கம்பெனி காவக்காரன் பொம்பளைங்க சொமைய எட்டி ஒதைச்சதால. தொரை எறங்கி வந்து, கிழக்குத் தாழ்வாரமும் களமும் மலைக்காரங்களுதுன்னு கல்லுல வெட்டி நட்டான். அந்தக் கல்லு அதோ."

அவள் கை காட்டிய இடத்தில், திட்டு முடிகிற மூலையில், வேப்பமரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் நின்றது. நட்ட நாளிலிருந்து மலைக்காரர்கள் கும்பிட்டுக் கும்பிட்டு, எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஏறி ஏறிக் கரும்பாறையாகிவிட்ட கல். அந்தக் கறுப்பின் நடுவே இரண்டு பெரிய கண்கள், ஒரு மூக்கு, இறுக மூடிய வாய். ஆபீசு சாமி.

அருள்மணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதுல எழுத்து எங்கம்மா?"

"எண்ணெய்க்கு அடியில."

"சரி. நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல" என்றார் அருள்மணி. "கட்டடத்துல என்னென்ன எழுதியிருக்குதோ எல்லாத்தையும் அப்படியே காப்பாத்தணும்னு எங்க ஒப்பந்தத்துலயே இருக்குது. வெள்ளிக்கிழமை எங்க இன்ஜினியர் மேடம் இந்தக் கல்ல சுத்தம் பண்ணுவாங்க. எழுத்து இருந்தா தாழ்வாரம் உங்களுது. நானே பிளான மாத்தறேன். இல்லன்னா..."

பெண்கள் குலவை போடாத குறைதான். சசிகலாவின் அம்மா ராணியம்மாள், "சாமி இருக்குதுடி" என்று மகளின் கன்னத்தை வழித்துச் சொடுக்கினாள்.

கோபால்சாமி மட்டும் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த எண்ணெய்க்கு அடியில் எழுத்து இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் சசிகலாவுக்கு மூன்று வயது. மூளைக்காய்ச்சல். கண் திறக்காமல் ஒன்பது நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். ராணியம்மாள் குழந்தையின் கால்மாட்டிலேயே இருந்தாள். கோபால்சாமி மலைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அப்படி ஓடும்போது ஒருநாள் ஆபீசு சாமி முன்னால் நின்றுதான் அந்த எண்ணம் வந்தது. அப்போது அது முகமில்லாத சாமி. கண்ணே இல்லாத சாமி எம்புள்ள கண்ண எப்படித் தொறக்கும்? ஒனக்குக் கண்ணு வைக்கிறேன், அவ கண்ணத் தொற.

ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரிடம் போய்க் கேட்டார். நட்ட கல்லில் உளி வைக்க ஏழு ஊரும் கூடிப் பேச வேண்டும், ஆடி வரட்டும் என்றார் கவுண்டர். ஆடிக்கு இரண்டு மாசம் இருந்தது. அதுவரை குழந்தை இருக்க வேண்டுமே.

செங்கத்திலிருந்து தசரதன் என்ற கல்தச்சனைக் கூட்டிவந்தார். வாரத்தில் யாரும் இறங்காத ஒரு புதன்கிழமை. எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுத்த தசரதன் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாய்யா, நெறைய எழுதியிருக்குது இதுல."

"இருக்கட்டும். சாமிக்கு எதுக்கு எழுத்து? கண்ணு வை."

"எழுத்து மேல கண்ணு வச்சா ஒண்ணும் நிக்காது. மொத்தமா எழைச்சுத்தான் வெட்டணும். யோசிச்சுச் சொல்லு. வேணும்னா படிச்சுக் காட்டறேன்."

"படிக்காத. எழை."

சாயங்காலத்துக்குள் முகம் வந்துவிட்டது. கோபால்சாமி அதன் மேல் மறுபடி எண்ணெயும் மஞ்சளும் அப்பினார். மூன்றாம் நாள் சசிகலா கண் திறந்து, தண்ணி என்றாள்.

ஊரில் சொல்லிவிடத்தான் நினைத்தார். தண்டம் கட்டவும் தயாராக இருந்தார். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவருக்கு முன்னால் இறங்கியவர்கள் கல்லைப் பார்த்துவிட்டார்கள். அவர் வந்து சேர்ந்தபோது களம் முழுக்க ஜனம் விழுந்து கிடந்தது. சாமி கண்ணைத் தொறந்திடுச்சு! ஊர்க்கவுண்டரே மண்ணில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகைக்கு நடுவில் எந்த வாயைத் திறந்து என்ன சொல்வது? அப்புறம் யாரோ, சாமி கண் திறந்த வாரம்தான் கோபாலு மகளும் கண் திறந்தாள் என்று கணக்குச் சேர்த்தார்கள். ஆடித் திருவிழாவில் முதல் மணி அடிக்கிற மரியாதை அவருக்கு வந்தது. இருபத்து நான்கு வருஷமாக அடித்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை, உப்பு வாங்கி வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் செங்கம் போனார்.

தசரதன் இன்னும் உளியோடுதான் இருந்தார். பட்டறை வாசலில் அம்மிக்கல் கொத்திக்கொண்டிருந்தவர், கோபால்சாமியைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாய்யா. இன்னொரு சாமிக்குக் கண்ணு வைக்கணுமா?"

கோபால்சாமி விஷயத்தைச் சொன்னார். தசரதனின் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"அந்த எழுத்து ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டார் கோபால்சாமி.

"நீ படிக்காதன்ன. நான் படிக்காம இருப்பேனா? எழைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ படிச்சேன். எழைச்சதுக்கப்புறம் ஒரு மாசம் தூக்கம் வர்ல." தசரதன் அம்மிக்கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கிழக்குத் தாழ்வாரமும் எதிர்க் களமும் மலைநாட்டார் சுமை இறக்கி விற்க என்றைக்கும் விடப்பட்டது. கம்பெனியாரும் பின்வரும் யாரும் தடுக்கலாகாது. அதுக்குக் கீழ வருஷம். அதுக்குக் கீழ இங்கிலீசுல கையெழுத்து."

கோபால்சாமி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அத்த திரும்ப வெட்ட முடியாதா?"

"வெட்டலாம். அதுக்கு மொகத்த எழைக்கணும். எழைக்கட்டுமா?"

அந்த முகத்தில் உளி படுவதை நினைத்தபோது கோபால்சாமிக்கு ஒன்பது நாள் மூடிக் கிடந்த இரண்டு சின்ன இமைகள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"ஒன்னால முடியாது. எனக்கும் கை வராது" என்றார் தசரதன். "புதுசா வெட்டினா எவன் நம்புவான்? கல்லுல புதுக்காயம் ஒரு வருஷம் வெளுப்பா நிக்கும். ஒண்ணே ஒண்ணு பண்ணலாம். நடந்தத நீ சொல்லு. நான் வந்து ஆமாங்கறேன். இன்ன எழுத்து இருந்துச்சு, என் கையாலதான் எழைச்சேன்னு எழுதிக் கையெழுத்தே போடறேன்."

"நீயே வந்து சொல்லிடேன்."

"தோ பாரு. வேண்டுதலுக்குக் கண்ணு தொறந்த தச்சன் யாரு வேண்டுதல்னு வாயத் தொறக்கக் கூடாது. எங்கப்பன் எனக்குச் சொல்லிக் குடுத்தது. நீ சொன்னா நான் சாட்சி. நீ சொல்லாத வரைக்கும் அது சாமியாத் தொறந்த கண்ணுதான்."

உப்பு வாங்காமல் கோபால்சாமி திரும்பினார். பஸ்ஸிலிருந்து கோணப்பாறையில் இறங்கும்போது கட்டை ஆபீசு திறந்திருந்தது. உள்ளே இன்ஜினியர் ராஜேஸ்வரி டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தாள். வேலூர்க்காரி. முப்பது வயதிருக்கும். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

"ஐயா, அந்த முனையக் கொஞ்சம் பிடிங்களேன்" என்றாள். பிடித்தார்.

அளந்துகொண்டே பேசினாள். அவளுக்கு யாராவது கேட்டால் போதும் போலிருந்தது.

"மேல பாருங்க. அது உத்தரம்னு நெனைக்கிறீங்களா? தண்டவாளம்! தேக்குக்குப் பதிலா பழைய தண்டவாளத்தையே குறுக்கப் போட்டு, நடுவுல செங்கல்ல சின்னச் சின்ன வளைவாக் கட்டியிருக்கான். நூத்து முப்பது வருஷமா ஒரு சொட்டு ஒழுகல."

"சாந்துல எங்க மலைக் கடுக்காய் இருக்குதும்மா. வெல்லமும் கடுக்காயும் ஊறவச்ச தண்ணி. எங்க தாத்தனுக்குத் தாத்தன் ரங்கன் சொமந்து எறக்கினாராம். அப்புறம் அந்த ஓட்ட இருக்குதில்ல, அதுக்கு வெளிய உக்காந்து கூரையில தொங்கற துணி விசிறியோட கயிற இழுத்தாராம். உள்ள இருக்கற தொரைக்குக் காத்து, வெளிய இருக்கறவருக்கு வெயிலு."

ராஜேஸ்வரி சுவரின் உச்சியிலிருந்த சின்னத் துவாரத்தைப் பார்த்தாள். கயிறு உராய்ந்து உராய்ந்து அதன் கீழ்விளிம்பு வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அதை போட்டோ எடுத்துக்கொண்டாள். பிறகு கிழக்குத் தாழ்வாரத்துக்கு வந்தாள்.

"இதுதான் எனக்குப் புரியல ஐயா. மேக்குத் தாழ்வாரம் அஞ்சடி அகலம். கிழக்கு ஒம்பதடி. இந்தக் கல் திட்டு மேக்குல இல்லவே இல்ல. ஏன்?"

கோபால்சாமி களத்தில் இறங்கி, மூட்டை இருப்பது போல இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்து, திட்டுப் பக்கம் நடந்து, கழுத்தைச் சாய்த்துக் காட்டினார். ராஜேஸ்வரி ஓடிவந்து அளந்தாள்.

"நாலே முக்கால் அடி! இது உங்களுக்காகவே கட்டினது ஐயா. கட்டும்போதே உங்கள மனசுல வச்சுத்தான் கட்டியிருக்கான்." குரல் இறங்கியது. "ஆனா கட்டடம் சொன்னாப் பத்தாது. எங்க செயலாளர், எழுத்து எங்கன்னு கேப்பார். அந்தக் கல்லுல நாலு வார்த்தை கெடச்சா போதும். இந்தத் திட்டையும் அதையும் சேர்த்து வச்சு நான் சண்டை போடுவேன்."

கோபால்சாமிக்கு நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். யாரென்றே தெரியாதவள். இவளிடம் சொல்வது சுலபம். இவளிடம் சொன்னால் நாளைக்கு ராணியம்மாளுக்குத் தெரியும். ஊர்க்கவுண்டர் மகனுக்குத் தெரியும். ஏழு ஊருக்கும் தெரியும்.

"ஜீப்புக்கு நேரமாச்சும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் களம் நிறைந்துவிட்டது. கல்லைச் சுரண்ட விடலாமா என்று பூ கேட்டார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் சாமி மாட்டேன் என்கிறது என்று அர்த்தம். சிவப்பு வரட்டும், சிவப்பு வரட்டும் என்று கோபால்சாமி மனசுக்குள் கெஞ்சினார். ராணியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

வெதுவெதுப்பான தண்ணீர், மூங்கில் சிராய், மெத்தென்ற பிரஷ். ராஜேஸ்வரி மூன்று மணி நேரம் முட்டி போட்டு வேலை செய்தாள். பிசுக்கு தகடு தகடாக உரிந்தது. கண்ணைச் சுற்றி, கன்னத்தில், நெற்றியில், கழுத்துக்குக் கீழே எங்கும் கல் வழுவழுவென்று வந்தது. ஒவ்வொரு தகடு விழும்போதும் சசிகலா எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது.

"எழுத்து இல்லம்மா" என்றார் அருள்மணி. இந்தத் தடவை சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

"இருங்க சார்." ராஜேஸ்வரி கல்லின் அடிமூலையில் விரலை வைத்தாள். "இங்க ரெண்டு கோடு இருக்குது. பாருங்க, வளைவா."

"விரிசல் மேடம்."

"விரிசல் இப்படி வளையாது சார். அது மட்டுமில்ல, பக்கவாட்டுல கல் சொரசொரப்பா இருக்குது. முன்பக்கம் மட்டும் இழைச்சிருக்குது. முன்னாடி ஏதோ இருந்து அதை எடுத்துட்டு இந்த முகத்த வெட்டியிருக்காங்க." அவள் எழுந்து கூட்டத்தைப் பார்த்தாள். "இந்த முகம் எப்ப வெட்டினது? யாருக்காவது தெரியுமா? கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடின்னா, வெட்டின தச்சன் எழுத்தப் பாத்திருப்பான். அவன் வாக்குமூலம் ஒண்ணு கெடச்சா நான் அத வச்சே எழுதுவேன்."

"வெட்டலம்மா" என்றாள் ராணியம்மாள். "சாமி தானா கண்ணு தொறந்துச்சு. நாங்க எல்லாம் பாத்தோம்."

கூட்டம் ஆமாம் என்றது. சசிகலா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். படித்த பெண். அம்மா முன்னால் மறுக்கவும் முடியவில்லை, ராஜேஸ்வரி முன்னால் ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"கல்லுல கண்ணு தானா வராதும்மா" என்றார் அருள்மணி. "யாரோ ஒருத்தர் வெட்டியிருக்கணும். பூசை பண்றவர் யாரு? பெரியவரே, நீங்கதானே மணி அடிக்கிறவர்? நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சு இந்த முகம் புதுசா, பழசா?"

எல்லாரும் திரும்பினார்கள். சசிகலாவும் திரும்பினாள். புதுசுன்னு சொல்லு நைனா என்று அவள் கண் கேட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் புதுசு என்றால் வழி இருக்கிறது என்று மட்டும் புரிந்திருந்தது.

கோபால்சாமி, மண்ணில் விழுந்து கிடந்த அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்தார். அதே முகங்கள்தான் இப்போது நிற்கின்றன, நரைத்திருக்கின்றன, அவ்வளவுதான். இருபத்து நான்கு வருஷம் அழுது வேண்டிக்கொண்டது ஒரு செங்கத்துத் தச்சனின் கைவேலையிடம் என்று இவர்களிடம் சொல்வதா? முதல் மணி அடித்த கையை அதற்கப்புறம் எங்கே ஒளித்துக்கொள்வது?

"மொகம் பழசுதான்" என்றார். "ஆதியிலேர்ந்தே உள்ள இருந்துச்சு. எண்ணெய்ப் பிசுக்கு மூடிட்டிருந்துச்சு. அன்னிக்கு அது கழண்டு விழுந்துச்சு, மொகம் தெரிஞ்சுது. எங்க தாத்தா சொல்லியிருக்காரு, மொகம் உண்டுன்னு."

சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது, இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று. முகம் ஆதியிலிருந்தே இருந்தால் எழுத்து ஆதியிலிருந்தே இல்லை. ஆனாலும் வார்த்தை வெளியே வந்துவிட்டது. கூட்டம் நிம்மதியாக மூச்சு விட்டது. ராணியம்மாள் கற்பூரம் ஏற்றினாள்.

அருள்மணி நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். "தாத்தா காலத்துக்கும் முன்னாடி. அப்ப கட்டடத்தோட வயசு இருக்கும். மேடம், இதைத் தனியா ஒரு பக்கம் எழுதுங்க." கல்லைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். அவர் கண்ணில் முதல் தடவையாக ஆசை தெரிந்தது.

ராஜேஸ்வரி பிரஷ்களைக் கழுவிப் பைக்குள் வைத்தாள். கோபால்சாமியைக் கடந்து போகும்போது நின்று, மெதுவாகக் கேட்டாள். "நிஜமாவா ஐயா?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவள் போய்விட்டாள்.

நான்கு மாதத்தில் கட்டை ஆபீசு அடையாளம் தெரியாமல் மாறியது. செங்கல்லில் காவி ஏற்றினார்கள். வளைவுகளுக்கு விளக்குப் போட்டார்கள். களத்தில் புல் நட்டு, சுற்றிலும் இரும்பு வேலி அடித்தார்கள். கிழக்குத் தாழ்வாரம் காபிக்கடை ஆயிற்று. களத்திலிருந்து நாலே முக்கால் அடி இருந்த அந்தத் திட்டு, தாழ்வாரத்துக்குள்ளிருந்து பார்த்தால் முழங்கை வைக்கிற உயரம்தான். பெங்களூரிலிருந்து கார்களில் வந்தவர்கள் அதன் மேல் கோப்பையை வைத்து, நின்றபடி மலையைப் பார்த்துக் காபி குடித்தார்கள்.

ஆபீசு சாமியைப் பெயர்த்து உள்ளே கொண்டுபோனார்கள். ராணியம்மாள் குறுக்கே படுத்தாள். "பத்திரமா வைக்கத்தாம்மா எடுக்கறோம்" என்று அருள்மணி பொறுமையாகச் சொன்னார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை வெயிலிலும் மழையிலும் கிடக்கக் கூடாதாம். அந்த வயதைச் சொன்னது கோபால்சாமிதான்.

ஆடி பிறந்தது. முதல் சனிக்கிழமை மூன்று பேரும் இறங்கினார்கள். வாசலில் டிக்கெட் கொடுத்தவள் கற்பூரத்தை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டாள். உள்ளே நெருப்புக் கூடாது. எண்ணெய் கூடாது. மணி கூடாது. கண்ணாடிப் பெட்டிக்குள் சுத்தமாகத் துடைத்த கல், மேலே ஒரு மஞ்சள் விளக்கு. எண்ணெய் இல்லாத முகத்தில் தசரதனின் உளித்தடங்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

பெட்டியின் கீழே இருந்த பலகையைச் சசிகலா வாசித்தாள்.

"மலைவாழ் மக்களின் காவல் தெய்வம். பத்தொன்பதாம் நூற்றாண்டு. கட்டடம் கட்டியபோது நிறுவப்பட்டது. தகவல்: கோபால்சாமி, ஊத்துக்கொல்லை."

"ஒம்பேரு போட்டிருக்காங்க நைனா" என்றாள். குரலில் ஒன்றுமில்லை.

ராணியம்மாள் கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். காவலாள் வந்து, "தொடாதீங்கம்மா, கறை படியுது" என்றான்.

வெளியே வந்தார்கள். ராணியம்மாள் ஜீப் பிடிக்க முன்னால் போய்விட்டாள். வேலி ஓரத்தில் போட்டிருந்த புளி மூட்டையைச் சசிகலா ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட, கோபால்சாமி தலையில் ஏற்றிக்கொண்டார். இனிமேல் செங்கம்தான். சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். எதிரே கட்டை ஆபீசு வெயிலில் புதுசாக ஜொலித்தது.

மூட்டையின் கனத்தில்தான் அது வெளியே வந்ததோ என்னவோ.

"அந்த மொகத்த நான்தான் வெட்டச் சொன்னேன்."

சசிகலா திரும்பினாள்.

"ஒனக்குக் காய்ச்சல் வந்தப்ப. செங்கத்துலேர்ந்து தச்சனக் கூட்டியாந்தேன். எழுத்து இருந்துச்சு. அவன் படிக்கறேன்னான். நான்தான் படிக்காத, எழைன்னேன்." அவர் நேராகப் பார்த்துக்கொண்டே பேசினார். தலையில் சுமை இருக்கும்போது திரும்ப முடியாது. "நீ பொழைச்சா போதும்னு இருந்துச்சு. எனக்கு இன்னா படிப்பு இருக்குது? எழுத்து இன்னா சோறு போடும்னு நெனச்சேன்."

ஒரு லாரி போயிற்று. தூசி அடங்கியதும் சசிகலா கேட்டாள்.

"தச்சன் இருக்கானா?"

"இருக்கான். வந்து சொல்றேன்னான். நீ சொன்னா நான் சாட்சின்னான்."

"எப்ப சொன்னான்?"

"கல்ல சுத்தம் பண்றதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் இதற்கு முன் கேட்டதில்லை.

"எனக்காக வெட்டினே. சரி. அதுக்கு நான் ஒன்ன எப்படிக் கோச்சுக்கறது? ஆனா அந்த மேடம் அத்தினி பேரு முன்னாடி கேட்டாங்களே, அப்ப யாருக்காக நைனா பழசுன்ன? எனக்காகவா?"

கோபால்சாமி வாயைத் திறந்தார்.

"வேணாம்" என்றாள். "சொல்லாத."

"இப்ப போய்ச் சொல்றேன். அருள்மணி சாராண்ட..."

"போய்ச் சொல்லு. பலகையில ஒம்பேரு இருக்குது. எந்தப் பேச்சு பொய்னு அவரு கேப்பாரு. அன்னிக்குச் சொன்னதா, இன்னிக்குச் சொல்றதா? இன்னிக்குச் சொல்றதுதான் பொய்னு சொல்லுவாரு. அப்படிச் சொன்னாத்தான் அவருக்கு டிக்கெட்டுக் காசு."

சாலையின் வளைவில் செங்கம் பஸ் தெரிந்தது. நிற்காமல் போகிற அளவுக்குக் கூட்டம்; வேகத்தை மட்டும் குறைத்தது. படியில் இரண்டு பேர் தொங்கினார்கள். சசிகலா ஓடிப்போய்ப் படியில் ஏறிக்கொண்டாள். அவளால் ஓட முடியும். திரும்பிப் பார்க்கவில்லை.

கோபால்சாமி மூட்டையோடு நின்றார். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். கழுத்து நரம்பு விண்விண்ணென்று தெறித்தது. இறக்கி வைக்க ஆள் வேண்டும், இல்லாவிட்டால் திட்டு வேண்டும். சாலையோரத்தில் யாரும் இல்லை. எதிரே, வேலிக்கு அந்தப் பக்கம், திட்டின் மேல் இரண்டு காபிக் கோப்பைகள் இருந்தன. யாரோ குடித்துவிட்டு வைத்துப் போனவை.

பழக்கத்தில் அவர் கால் ஓரடி அந்தப் பக்கம் எடுத்து வைத்தது. பிறகு நின்றது.